டைம் அக்காவின் நூற்று நாற்பத்து மூன்றாவது ஆட்டம்

பேருந்து டிப்போவின் வெளிவாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம். அந்த நாற்காலியில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. டிப்போவில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. டைம் கீப்பர் வேலை பார்ப்பதால் டைம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை சொல்வதற்குச் சுலபம். வெளியே போகும் பஸ், உள்ளே வரும் பஸ், இரண்டுக்கும் நேரம் எழுத வேண்டும். தாமதமானால் டிரைவர் மானேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஜன்னல் ஓரமாக வந்து குழைகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதில் முதல் ஆள், கொக்கி மாதிரி முறுக்கிய மீசை வைத்த ஒரு டிரைவர். எல்லோருக்கும் அவர் மீசைக்காரர்.

"அக்கா, ரெண்டே ரெண்டு நிமிஷம். அந்த எட்டை ஆறாப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்னை ஏன் கேக்குறீங்க? கடிகாரத்தைக் கேளுங்க. அது சரின்னு சொன்னா இப்பவே போட்டுடறேன்."

"கல்லு மனசு" என்று முனகிக்கொண்டு அவர் போவார். மறுநாள் மறுபடி வருவார். பதினெட்டு வருஷமும் ஒரு எட்டுகூட ஆறாகவில்லை.

இப்படிப்பட்டவள் மேசை விளையாட்டுக்குள் போய் விழுந்தது ஒரு எண்ணெய்க் கறையால். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, டிப்போவில் யாரோ சிந்திவிட்டுத் துடைக்காமல் போன எண்ணெயில் வழுக்கி, கணுக்கால் முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. நிமிஷக் கணக்கில் வாழ்ந்தவளுக்குப் பகல் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததில் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

கணவன் பிளம்பர். அந்த வாரம் ஒரு வீட்டில் குழாய் மாற்றப் போயிருந்தான். வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டிருந்தார்கள்; வேண்டாத சாமானைக் குவித்துப்போட்டு, "பிடிச்சதை எடுத்துக்கோங்க" என்றார்களாம். அவன் ஒரு கனமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தான்.

"சீட்டு, பகடை, பொம்மைப் படகு எல்லாம் இருக்கு. பொழுதாவது போகும்."

"கூட ஆடறதுக்கு நீ இருப்பியா?"

"எனக்கு எங்க நேரம்? மேல பாரு, ஒருத்தர் முதல் நாலு பேர் வரைன்னு போட்டிருக்கு. ஒருத்தர்னாலே நீதானே."

பெட்டிக்குள் முப்பது பக்கத்துக்கு விதிப்புத்தகம் இருந்தது. மற்றவர்களை அதுதான் விரட்டும். டைம் அக்காவை அதுதான் இழுத்தது. மூன்று தடவை படித்தாள். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டாள். அப்புறம்தான் பலகையை விரித்தாள்.

பலகை முழுக்கக் கடல். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். நடுவே பாறைகள், ஒரு ஓரத்தில் துறைமுகம். ஆடுகிறவர் கையில் ஐந்து மீட்புப் படகுகள். மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பல்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு சுற்றுக்குள் கரை சேர்க்க வேண்டும். எதிராளி என்று ஒரு மனிதர் கிடையாது. கலைத்துக் கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டுதான் புயல். சுற்றுக்கு ஒரு சீட்டை எடுத்தால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, அலை எங்கே எழும்புகிறது என்று அது சொல்லும். பாறையைத் தாண்டப் பகடை உருட்ட வேண்டும்.

முதல் ஆட்டத்தில் ஐந்து படகும் போயின. ஆறாவது சுற்றுக்குள்ளேயே. டைம் அக்கா சற்று நேரம் பலகையை முறைத்தாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு, "ஆட்டம் 1. தோல்வி. காரணம்: காற்றைப் பார்க்காமல் கிளம்பியது" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் மறுபடி சீட்டைக் கலைத்தாள்.

மாவுக்கட்டு பிரிக்கும்போது நோட்டில் முப்பத்தோரு ஆட்டம் ஏறியிருந்தது. கால் சரியான பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சமையலறை மேசை அவளுக்கு. கணவனும் அதை ஒத்துக்கொண்டான். அந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தால் கடலில் கை வைக்காதே என்று திட்டு விழும் என்பதால், தட்டைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கூடத்து நாற்காலிக்குப் போய்விடுவான்.

வாய் சும்மா இல்லாதது அவளுடைய அக்காதான். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுக்கிற டீச்சர். வீட்டில் படிப்பு, எழுத்து என்று பேச்சு வந்தால் எல்லார் கண்ணும் பெரியவள் பக்கம்தான் திரும்பும். பள்ளி ஆண்டுமலரில் கவிதை வந்தது அவளுக்கு. கல்யாணப் பத்திரிகை வாசகம் எழுதித் தருவது அவள். சின்னவள் கணக்கில் கெட்டி, அவ்வளவுதான் என்று சின்ன வயதிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சின்னவளும் அதற்கு அப்பீல் எதுவும் போடவில்லை.

"எதிர்ல ஆளே இல்லாம என்ன ஆட்டம் அது?" என்பாள் பெரியவள். "கண்ணாடிக்கு முன்னாடி நின்னுகிட்டு தனக்குத்தானே சண்டை போடற மாதிரி. வெளில சொல்லிடாதே, சிரிப்பாங்க."

டைம் அக்கா வெளியில் சொல்லவும் இல்லை. விருந்தாளி வந்தால் பலகைமேல் மேசைவிரிப்பைப் போட்டு மூடிவிடுவாள். ஒரு தடவை கணவனின் அத்தை ஒருத்தி விரிப்புக்கு மேலேயே சுடச்சுடக் குழம்புச் சட்டியை வைத்துவிட்டாள். ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. "என்னம்மா, அப்பளமா?" என்றாள் அத்தை. நாலாம் நம்பர் படகு அன்றோடு முடிந்தது. அதற்குப் பதில் இன்றுவரை ஒரு சட்டைப் பொத்தான்தான் ஓடுகிறது.

மேசை விளையாட்டுகளுக்கென்று மாதாமாதம் ஒரு பத்திரிகை வரும். முப்பத்திரண்டு பக்கம்; கடைகளில் தொங்காது, தபாலில்தான் வரும். டைம் அக்கா சந்தா கட்டியிருந்தாள். ஒரு மாதம் அதில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். தனியாக ஆடுவது ஆட்டமே அல்ல என்பது அவர் கட்சி. "தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால், பார்க்க ஆளில்லாத அறையில், யார்தான் பகடையை இன்னொரு தரம் உருட்டாமல் இருப்பார்கள்?" என்று கேட்டிருந்தார்.

டிப்போவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தாள். கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. பக்கத்தில் கிடந்த பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், பதினோரு வரியில் ஒரு கடிதம் எழுதினாள். "நான் உருட்ட மாட்டேன். நூற்றுச்சொச்சம் ஆட்டத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் தொண்ணூற்றாறு தோல்வி. வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்" என்பது அதன் சாரம். சூடு ஆறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டாள்.

ஒன்பதாவது நாள் டிப்போ ஜன்னலில் இருக்கும்போது போன் வந்தது. பத்திரிகை ஆசிரியர். நிதானமான குரல்.

"உங்க கடிதத்தைப் போடப் போறதில்லைம்மா."

"சரி சார்." அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அவசரப்படாதீங்க. கடிதமா வேணாம், கட்டுரையா வேணும். தனியா ஆடறதைப் பத்தி நாலு பக்கத்துக்கு எழுதுங்க. ஒரு மாசம் டைம்."

"சார், நான் கட்டுரையெல்லாம் எழுதினதில்லை. டிப்போல டைம் கீப்பர்."

"பதினோரு வரியில தொண்ணூத்தாறு தோல்வியைச் சொல்லியிருக்கீங்க. நாலு பக்கம் எழுத முடியாதா?"

போனை வைத்த கையோடு இரண்டு பஸ்ஸுக்கு நேரம் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போயிருந்தது, நேரம் சரிதான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கோபத்தில் எழுதுவது வேறு, கட்டுரை வேறு என்று. இரண்டு வாரம் மல்லுக்கட்டி ஐந்து பக்கம் எழுதினாள். கணவனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். "மேற்படி விளையாட்டானது ஐந்து படகுகளையும் அறுபது சீட்டுகளையும் உள்ளடக்கியது. ஆடுபவர் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்..."

அவன் மூன்றாவது பத்தியில் கொட்டாவியை விழுங்கினான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன? சொல்லிடு."

"தப்பா எடுத்துக்காதே. டிப்போல மெமோ கொடுப்பாங்களே, அது மாதிரி இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்னு தேடிக்கிட்டே இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பின்ன எப்படி எழுதணும்கறே?"

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு எழுத்தைப் பத்தி என்ன தெரியும்? ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை, நான் வீட்டுக்குள்ள வந்தப்போ, நீ பகடையையே பாத்துகிட்டு சிலையா உக்காந்திருந்தே. என்னாச்சுன்னு கேட்டேன். ஏழு பேர் போயிட்டாங்கன்னு சொன்னே. எந்த ஏழு பேருன்னு கேட்டு, நீ விளக்கினப்புறம்தான் மூச்சு வந்துது. அதை எழுதேன்."

அவள் எழுந்துபோய் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஆட்டம் 143. தேதி இருந்தது, சீட்டு வந்த வரிசை இருந்தது, ஒவ்வொரு பகடையும் இருந்தது. அந்த ஐந்து பக்கத்தையும் மடித்து ஓரம் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து புதிதாக ஆரம்பித்தாள்.

நூற்று நாற்பத்து மூன்றாவது ஆட்டம் அவள் ஆடியதிலேயே நல்ல ஆட்டம். பன்னிரண்டாவது சுற்றில் நாலு படகு கரை சேர்ந்துவிட்டது. ஐந்தாவது, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, துறைமுகத்துக்கு ஒரே ஒரு பாறை தள்ளி நின்றது. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் எல்லோரும் பிழைத்தார்கள். நாலு வருஷத்தில் அவளுக்கு அப்படி முழுசாக ஒரு வெற்றி வாய்த்ததில்லை. உருட்டினாள். பகடை ஓடிப்போய் நோட்டின் விளிம்பில் முட்டிச் சாய்ந்து நின்றது. மேலே தெரிந்தது ஐந்து. ஆனால் சாய்ந்த பகடை செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும் என்று முதல் மாதத்திலேயே நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருந்தாள். அறையில் ஒருவரும் இல்லை. நோட்டை ஒரு நூலளவு நகர்த்தினால் பகடை ஐந்தாகவே படுத்துவிடும். அவள் பகடையை எடுத்து மறுபடி உருட்டினாள். மூன்று.

அதை அப்படியே எழுதினாள். விரல் பகடைக்கு மேலே நின்ற நேரத்தை எழுதினாள். ஏன் நகர்த்தவில்லை என்பதையும் எழுதினாள்: "நகர்த்தியிருந்தால் ஏழு பேர் பிழைத்திருப்பார்கள். ஆனால் நான் ஆடிய நூற்று நாற்பத்திரண்டு ஆட்டமும் செத்திருக்கும். இனி நோட்டில் எந்த எண்ணை நான் நம்புவது?" மூன்றே நாளில் முடிந்தது. எழுதும்போது அடுப்பில் பால் பொங்கியது அவளுக்குத் தெரியவில்லை. கணவன்தான் ஓடிப்போய் அணைத்தான்.

அனுப்புவதற்கு முன்னால், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். பெரியவள் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிழை மட்டும் பாத்துக் கொடு."

"நீ எழுதினதா?" பெரியவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. முதல் பக்கத்தில் ஒற்று விட்டதையெல்லாம் வட்டம் போட்டாள். "ல, ள இன்னும் தகராறுதானா உனக்கு?" என்றாள். இரண்டாவது பக்கத்தில் நாலு வட்டம். மூன்றாவது பக்கத்தில் பேனா காகிதத்தில் படவே இல்லை. நாலாவது பக்கத்தின் பாதியில் அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அடிப்பாவி, மறுபடியும் உருட்டினியா?"

"ம்."

"மூணா?"

"மூணு."

பெரியவள் மிச்சத்தைப் படித்தாள். படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "மூணாவது பக்கத்துல பிழை இருக்கான்னு தெரியல. பாக்க மறந்துட்டேன். இன்னொரு தரம் படிக்கணும்" என்றாள். பிறகு, கையிலிருந்த தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டே, "ஆண்டுமலர்ல வந்த என் கவிதையெல்லாம் இது பக்கத்துல நிக்காது. அதைச் சொல்லிடறேன், அப்புறம் சொல்ல மனசு வராது" என்றாள்.

டைம் அக்கா மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். முறிந்த கணுக்காலின் ஞாபகமே இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி ஆசிரியர் போன்.

"நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு விஷயம். இது விடுமுறைச் சிறப்பிதழ். படிக்கறவங்க சந்தோஷமா மூடி வெக்கணும். கடைசியில அந்தப் பகடையை மறுபடி உருட்டினப்போ, அஞ்சு விழுந்ததா வெச்சுக்கலாமா? நேர்மையா உருட்டினீங்க, அதுக்குப் பலனும் கிடைச்சுதுன்னு முடியும். படிக்க நல்லாருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. டைம் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், எழுதினாள். அப்புறம் பேசினாள்.

"சார், விழுந்தது மூணு."

"யாருக்குத் தெரியும்மா?"

"உங்க பத்திரிகையில முன்னாடி ஒருத்தர் கேட்டதும் இதேதானே சார். பாக்க ஆளில்லாதப்போ யார்தான் மாத்தாம இருப்பாங்கன்னு. அதுக்குப் பதிலாத்தானே நான் எழுதினேன்? அதுலயே மாத்திட்டா அவர் சொன்னது சரின்னு ஆயிடும். மூணு இருக்கணும். இல்லேன்னா கட்டுரை வேணாம் சார், திருப்பி அனுப்பிடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதல் கட்டுரை. திருப்பி அனுப்பிவிட்டால் அதோடு போயிற்று. மறுமுனையில் ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரிம்மா, மூணே இருக்கட்டும். ஆனா அரைப் பக்கம் குறைக்கணும். அதை நீங்களே குறைச்சுக் கொடுங்க. நான் கை வெச்சா திட்டுவீங்க போலிருக்கு."

அவள் விதிகளை விளக்கிய ஒரு முழுப் பத்தியைத் தூக்கினாள். எடுத்த பிறகு படித்தால் கட்டுரை இன்னும் வேகமாக ஓடியது. இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

இதழ் வந்த அன்று பிற்பகல் தபாலை வாங்கியது கணவன். அவன் உறையைக் கிழிக்கவில்லை. குழாய்ச் சாமான் பையில் போட்டு, டிப்போவுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கண்ணாடி அறைக்குள் நின்று இருவரும் பிரித்தார்கள். பதினான்காம் பக்கம். தலைப்புக்குக் கீழே அவள் பெயர், முழுசாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டவில்லை. அச்சேறிய எழுத்து.

"உன் பேரே எனக்கு மறந்து போச்சு. இதுல பாத்துதான் ஞாபகம் வருது" என்றான் கணவன்.

"பேசாதே, பஸ் வருது."

விஷயம் எப்படியோ கசிந்தது. மறுநாள் மானேஜர் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார், ஷிஃப்ட் பட்டியலுக்குப் பக்கத்தில். மெக்கானிக்குகள் கரிக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று படித்தார்கள். மீசைக்காரர் முதலிலிருந்து கடைசிவரை உதடு அசையப் படித்தார். படித்துவிட்டு நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"இப்பத்தான் விளங்குது."

"என்ன விளங்குது?"

"ஏழு பேரைக் காப்பாத்தறதுக்கே ஒரு நூல்கூட நகர்த்தாத ஆளு, எனக்கு ரெண்டு நிமிஷம் எங்க தரப்போறீங்க? இத்தனை வருஷம் வீணாக் கெஞ்சிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அக்கா, படிக்கறப்போ பகடை என் கையிலயே இருந்துச்சு. நான் உருட்டற மாதிரி."

அன்றிலிருந்து அவர் ஜன்னலில் நின்று எட்டை ஆறாக்கச் சொன்னதில்லை. தாமதமாக வந்தால், "ஒன்பது நிமிஷம் அக்கா, போட்டுக்கோங்க" என்று தானே சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் தன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு இதழ் எடுத்துப்போனாள். டீச்சர்கள் அறையில் "என் தங்கை எழுதினது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்துப் படிக்கவைத்தாளாம். தனியாக ஆடுகிறவளா என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள். "ஆடிப் பாத்துட்டு சிரி. முப்பது பக்கம் விதி இருக்கு" என்று வெட்டினாளாம் பெரியவள்.

அடுத்த மாதம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் ஒரு பல் டாக்டர். அதே விளையாட்டு அவரிடமும் இருக்கிறதாம். கட்டுரையில் சொன்னபடி பதினோராவது சுற்றின் முடிவில் படகுகளை அடுக்கிப் பார்த்தாராம். பாறையைத் தாண்டவே வேண்டாம், வடக்கே சுற்றிப்போனால் பகடையே உருட்டாமல் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள், கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார் என்று படம் வரைந்து அம்புக்குறியெல்லாம் போட்டு எழுதியிருந்தார்.

டைம் அக்கா ஒவ்வொரு அம்புக்குறியிலும் விரல் வைத்துப் பார்த்தாள். ஞாயிறு வரை பொறுத்திருந்து, மேசையைத் துடைத்து, நோட்டைப் பார்த்து அதே நிலையை அடுக்கினாள். மேசைவிரிப்பு மடித்து அலமாரிக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரியவளும் மேலே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நானும் ஆடவா?" என்றாள். "இது ஒருத்தர் ஆடறது. வாயை மூடிகிட்டுப் பாரு" என்று பதில் வந்தது. பெரியவள் மூடிக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன வழியில் படகை நகர்த்தினாள். ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று. நின்றாள். விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பதினெட்டாம் பக்கத்தில் அவளே பென்சிலால் கோடு போட்ட வரி: ஐந்து பேருக்கு மேல் ஏற்றிய படகு ஒரு கட்டம் குறைவாகத்தான் போகும். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. வடக்கே சுற்றினால் படகு துறைமுகத்துக்கு ஒரு கட்டம் முன்னாலேயே நின்றுவிடும்.

"என் ஆட்டம் சரிதான் அக்கா!" என்று மேசையைத் தட்டினாள். படகெல்லாம் குதித்தது.

அன்றைக்கே நாலு வரியில் பதில் எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை யாரிடமும் படித்துக் காட்டவில்லை. பிழை பார்க்கவும் கொடுக்கவில்லை. அடுத்த இதழில் டாக்டரின் கடிதமும் அதற்குக் கீழே அவள் பதிலும் வந்தன. டாக்டர் போனில் ஆசிரியரைக் கூப்பிட்டு, "தோத்துட்டேன்னு சொல்லிடுங்க" என்றாராம். பதிலுக்கு மேலே, பருத்த எழுத்தில், "கட்டுரையாளர் பதில்" என்று போட்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரம் எழுதி, பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, டைம் அக்கா அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தரம் படித்தாள்.